இரண்டு ஃபைல் இருந்த வீடு

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஃபைலைப் பற்றித்தான் பேசுவோம். அவர் ஃபிட்டர். நான் தாலுகா ஆபீஸ் கிளார்க். சாயந்திரம் அவர் அம்பத்தூரிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார். நான் செங்குன்றத்தில் ஒரு பஸ் மாறித் திருவள்ளூர் வந்து சேருவேன். யார் முதலில் வீட்டுக்குள் நுழைகிறார்களோ அவர்கள் ஸ்டவ்வைப் பற்றவைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அதனால் இரண்டு பேருமே கடைசித் தெருவைக் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்து கடப்போம்.

அவருடைய ஃபைல் அரம். வைஸில் இரும்புத் துண்டைக் கவ்வக் கொடுத்து நாள் முழுக்க நின்றபடி ராவ வேண்டும். சட்டைப் பையில் இரும்புத் தூள் இருக்கும். துவைக்கும்போது என் விரலில் ஏறும். என்னுடைய ஃபைல் காகிதம். கோணி ஊசியும் நூலும் வைத்துத் தைக்க வேண்டும், அந்தத் தூசியில் இரும வேண்டும். இன்று எத்தனை ஃபைல் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. இரண்டாவது வருஷத்தில் அதுவும் அலுத்துவிட்டது.

தாசில்தார் அறையில் ஒரு தடி ஆங்கில அகராதி இருந்தது. யாரும் படிப்பதற்கில்லை. நாற்காலியில் உயரம் போதாத எங்கள் டைப்பிஸ்ட் அதன்மேல் உட்கார்ந்துதான் தட்டுவார். ஒருநாள் அவர் லீவு. சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஃபைல் என்ற வார்த்தையைத் தேடினேன். இரும்பைத் தேய்ப்பதற்கும் காகிதத்தைச் சேர்ப்பதற்கும் ஒரே பெயர் எப்படி வந்தது, எது எதிலிருந்து பிறந்தது என்று தெரிந்துகொண்டு சாயந்திரம் வீட்டில் அவரிடம் சொல்லி அசத்தலாம் என்று நினைத்தேன். ஆபீஸில் ஆளைத் தேய்க்கிறார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்பது என் சொந்த ஊகம்.

ஊகம் பொய்த்துப்போனது. அகராதியில் ஃபைல் ஒரே வார்த்தையாக இல்லை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். காகித ஃபைல் லத்தீனில் நூல் என்ற வார்த்தையிலிருந்து பிரெஞ்சுக்காரன் வீட்டு வழியாக வந்ததாம். அந்தக் காலத்தில் கடிதங்களை ஒரு நூலிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிடுவார்கள், அந்த நூல்தான் ஃபைல். வரிசையாக ஆட்கள் நடந்துபோவதற்கும் அதே நூல்தான் பெயர் கொடுத்திருக்கிறது. அரத்துக்கு அந்த நூலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அது இங்கிலீஷ்காரன் ஊரிலேயே பழங்காலத்திலிருந்து இருந்த வார்த்தை. இரண்டும் வேறு வேறு தேசத்தில் பிறந்து, நடந்து நடந்து ஒரே முகஜாடைக்கு வந்துவிட்டிருந்தன.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. யாரும் பேசாத பழைய வார்த்தை என்று போட்டிருந்தார்கள். அழுக்காக்குவது, கறைப்படுத்துவது என்று அர்த்தம். அதை அவரிடம் சொல்லவில்லை. மற்ற இரண்டையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்படியென்றால் நம் இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். எங்கள் ஆபீஸில் அப்போதுதான் தமிழில் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோத்து வைப்பதால் கோப்பு என்று தமிழும் அந்த நூலைத்தான் பிடித்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அகராதி கிடக்கட்டும். நான் கோத்து, நான் மூடிய ஒரு ஃபைலால் ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் போயிற்று. அது எந்த ஊர் ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான் வேலை நடந்தது என்று சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் போவதில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வெயில் காலம். எளாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் மனு கொண்டுவந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார். சர்க்கார் தரிசு ஒன்றரை ஏக்கரை இருபது வருஷமாகத் திருத்திக் கேழ்வரகும் வேர்க்கடலையும் போடுகிறார். வருஷா வருஷம் சர்க்காருக்கு அபராதத் தீர்வை கட்டுகிறார். பட்டா வேண்டும். கிராமக் கணக்கில் யாரோ கவனமில்லாமல் பக்கத்து நிலத்துக்காரர் பெயரை ஏற்றிவிட்டதால், அவர் உழுதார் என்பதற்குத் தீர்வை ரசீதுகள் மட்டும்தான் சாட்சி. அவற்றை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரிஜினல் வேண்டாம், நகல் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை.

“ஒரிஜினலே இருக்கட்டும்மா. எங்க ஊடு கூரை ஒழுவுது. கரையான் வேற. இது காரைக் கட்டடம். இங்க இருந்தா பத்திரம்.”

எனக்கு அன்றைக்குத் தலைவலி. சரி என்று வாங்கி மனுவின் பின்னால் வைத்துத் தைத்து, நம்பர் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் அந்த நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைவிட இருபது வயது பெரியவர் கும்பிடுவது கூச்சமாக இருந்தது. அதுவும் ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டது.

இனி எங்கள் வேலையின் சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். எந்த ஃபைலையும் சும்மா மூட முடியாது. மூடும்போது மேலே ஒரு எழுத்தும், டிஸ்போசல் என்பதற்கு டிஸ் என்றும் போட வேண்டும். ஆர். டிஸ் போட்டால் அது ரிக்கார்டு ரூமில் காலாகாலத்துக்கும் இருக்கும். டி. டிஸ் என்றால் பத்து வருஷம். கே. டிஸ் மூன்று வருஷம். எல். டிஸ் போட்டால் ஒரே வருஷம், அப்புறம் கிழித்துக் கொளுத்திவிடலாம். மனுதாரரின் அசல் பத்திரம் ஏதாவது உள்ளே இருந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மூட வேண்டும். இந்த எழுத்துகளை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஜமாபந்தி வந்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்து கணக்குப் பார்ப்பார்கள். எத்தனை மனு நிலுவை என்று கேட்பார்கள். நிலுவை அதிகமிருந்தால் ஹெட் கிளார்க்குக்கு அர்ச்சனை, ஹெட் கிளார்க்கிடமிருந்து எங்களுக்கு இரட்டிப்பாக வரும். அதற்கு ஆபீஸில் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று மனுதாரருக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டுவிடுவது. பதில் போயாயிற்று, ஆகவே ஃபைல் முடிந்தது, எல். டிஸ். பரிசீலனையில் உள்ளது என்று எழுதுகிற நிமிஷமே பரிசீலனை செத்துப்போகும். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலையே வைக்கலாம்.

இரண்டு நாளில் நூற்றுக்கு மேல் கார்டு எழுதினேன். தலை முழுக்க மை வாசனை. மனுவின் முதல் பக்கத்தில் விலாசத்தைப் பார்ப்பது, கார்டு எழுதுவது, மேலே எழுத்தைப் போடுவது, சுருக்கொப்பம் வைப்பது, அடுத்தது. பின்பக்கம் என்ன தைத்திருக்கிறது என்று ஒன்றையும் புரட்டவில்லை. அந்த நூறில் மஞ்சள் துணிக்காரருடையதும் ஒன்று. நான் தைத்ததையே நான் புரட்டவில்லை. களைப்பு என்று சொல்வேன். களைப்புதான். ஆனால் களைப்பானவர்களுக்கும் இரண்டு கண் இருக்கிறதல்லவா.

மறு வருஷம் பழைய எல். டிஸ் கட்டுகளை ஆபீஸ் பின்புறம் வேப்பமரத்தடியில் போட்டுக் கொளுத்தினார்கள். அன்றைக்கு எனக்கு அதுவும் ஒரு வேலைதான். எரிப்பதற்கு முன் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். புகை உள்ளே வருகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் நான்தான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு வந்தது, பிறகு சர்வேக்காரர்கள் வந்தார்கள், பிறகு கம்பி வேலி வந்தது. கல்கத்தா ரோட்டில் லாரிகள் எளாவூர் செக்போஸ்டிலிருந்து வரிசை கட்டி நின்றன. என் வீட்டுக்காரருக்கு ஒரு புது ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் கூட. நாங்கள் திருவள்ளூர் வீட்டைக் காலி பண்ணிவிட்டு கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். என்னை நிலம் எடுக்கிற தனி ஆபீஸில் போட்டார்கள். யார் நிலம், எவ்வளவு, யாருக்கு நஷ்ட ஈடு என்று எழுதுகிற வேலை. பஸ் இல்லை, நடந்தே போகலாம் என்பதால் சந்தோஷப்பட்டேன். அப்போது எனக்கு வேறு எதற்கும் சந்தோஷப்படத் தெம்பில்லை.

அங்கேதான் ஒருநாள் காலை ஒரு அம்மா வந்தாள். புருஷன் செத்து ஐந்து வருஷம் ஆகிறது என்றாள். வேலிக்குள் போன ஒன்றரை ஏக்கர் தங்களுடையது, கணக்கில் வேறு பெயர் இருக்கிறது, ஆனால் ரசீதெல்லாம் தாலுகா ஆபீஸில் கொடுத்து வைத்திருப்பதாகப் புருஷன் சொன்னான் என்றாள். என் முன்னால் ஒரு பழைய கார்டை வைத்தாள். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. என் எழுத்து. அந்த வயதில் நான் ‘ள’வுக்கு ஒரு தேவையில்லாத சுழி வைப்பேன்.

கார்டைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தேன். முகத்தை மாற்றிக்கொள்ளாமல், பார்க்கிறேன் என்று சொன்னேன். பழைய ஆபீஸுக்கு ஆளனுப்பிப் பதிவேட்டை வரவழைத்தேன். நம்பர் இருந்தது, பக்கத்தில் எல். டிஸ் இருந்தது, அதன் பக்கத்தில் என் சுருக்கொப்பம். அழித்த பட்டியலிலும் நானே. வேறு யார் மேலாவது பழியைப் போடலாமா என்று தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடம் இல்லை.

ஸ்பெஷல் தாசில்தாருக்குக் குறிப்பு எழுத வேண்டும். அசல் ரசீதுகள் இணைக்கப்பட்டிருந்தன, திருப்பி அனுப்பப்படாமல் தவறாக அழிக்கப்பட்டன என்று எழுதினால், அந்த அம்மாவின் பேச்சுக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். எனக்கு மெமோ கிடைக்கும், இன்கிரிமென்ட் போகும், வேலையே போனாலும் போகலாம். வீட்டு வாடகை, மாமியாரின் ஆபரேஷன், எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆபீஸில் இதற்கும் தயாராக ஒரு வரி இருந்தது. கோப்பு கிடைக்கப்பெறவில்லை. அதை எழுதினேன். கிடைக்காத கோப்பை யார் தொலைத்தார் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. மனு தள்ளுபடியானது. கணக்கில் பெயர் இருந்த பக்கத்து நிலத்துக்காரர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு போயிற்று.

அந்த அம்மா உத்தரவை வாங்கிக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன். ஆபீஸில் இல்லையா என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று சாயந்திரமே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஃபாக்டரியில் ஒருவன் அளவுக்கு மேல் ராவிவிட்டால் அந்தத் துண்டை ஸ்க்ராப்பில் போட வேண்டியதுதான், ஆனால் சூப்பர்வைசரிடம் நான்தான் ராவினேன் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வைஸ்காரன் மேல் விழும் என்றார். நிலம் திரும்பி வராது, ஆனாலும் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு என்றார். அவளுடைய மகன் அதே ஃபாக்டரியில் கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சொல்வதற்கு எனக்கு ஏழு மாதம் பிடித்தது. தினமும் நாளைக்கு என்று நினைப்பேன். கடைசியில் சந்தையில் அவளே எதிரில் வந்துவிட்டாள். கூடையில் கீரைக்கட்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். அந்தக் கார்டு நான் எழுதியது என்று சொன்னேன். ரசீதுகள் இருந்தன, உன் வீட்டுக்காரர் என் கையில்தான் கொடுத்தார், நான் பார்க்காமல் மூடினேன், எரித்துவிட்டார்கள் என்றேன். அவள் கீரைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டாள். திட்டுவாள், கூட்டம் கூடும் என்று காத்திருந்தேன்.

“அப்போ அவரு நெசமாவே குட்த்தாரா?”

“என் கையில்தான் கொடுத்தார்.”

அவளுக்கு நிலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

“எம் புள்ள அவங்க நைனாவத் திட்டாத நாளு இல்ல. ரசீதையெல்லாம் சாராயக்காரன்கிட்ட வெச்சிக் குட்ச்சிட்டு, ஆபீஸ்ல கீதுன்னு பொய் சொல்லிட்டு செத்துட்டாருன்னு நெனச்சிகினு கீறான். ஆபீஸ்ல இல்லன்னு எழுதிக் குட்த்தப்பறம் நானும் அதத்தான் நெனச்சிகினு கீறேன்.”

நிலம் போனதற்குத்தான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். இறந்துபோன ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே குடிகாரனாக, பொய்யனாக ஆக்கியிருக்கிறேன் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

“நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். நீ ஆபீஸ்காரம்மா. ஞாயித்துக்கெழம அவனுக்கு வேலை இல்ல. ஊட்டுக்கு வந்து அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. வேற எதுவும் வாணாம்.”

வருகிறேன் என்றேன். நிச்சயமாக வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். காசு வேண்டாம் என்று இரண்டு கீரைக்கட்டை என் பையில் திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துப் புடவை மாற்றிக்கொண்டேன். பஸ் நிற்கிற இடம் வரை போனேன். இளவயதுப் பையன், லோடு தூக்குகிறவன், கோபத்தில் ஃபாக்டரி வாசலில் நின்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னால் என்னாகும் என்று ஓர் எண்ணம் வந்தது. என் வேலை, அவர் வேலை. ஒரு பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். வெயில் ஏறிவிட்டது, அடுத்த வாரம் போகலாம் என்று திரும்பி வந்து படுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போனார்.

மூன்று நாள் கழித்து அவர் வேலை முடிந்து வந்து, கை கழுவாமலேயே வாசற்படியில் உட்கார்ந்தார். டீக் கடையில் அந்தப் பையன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தானாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை எங்கேயும் போகவிடவில்லை, யாரோ ஆபீஸிலிருந்து ஒரு பொம்பளை வந்து நைனாவைப் பற்றி நல்லதாகச் சொல்லப்போகிறாள் என்று மீன் வாங்கிக் குழம்பு வைத்து, சாயந்திரம் வரை வாசலிலேயே என்னை உட்காரவைத்தாள், ஒருத்தியும் வரவில்லை என்றானாம். சொல்லிவிட்டுச் சிரித்தானாம். நைனா பொய் சொன்னது போதாதென்று இப்போது அம்மாவும் ஆரம்பித்துவிட்டாள் என்றானாம்.

அவர் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது என்று என்னிடம் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் எனக்குப் பள்ளிப்பட்டுக்கு மாற்றல் வந்தது. அதுவரை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. நான் போகவில்லை.